பேர் சொல்லித் திட்டிய கன்னையா

திட்டு வாங்குவதற்காக ஜனங்கள் வாசலில் காத்து நின்றதை நான் திருப்பதியில் பார்த்திருக்கிறேன். கங்கம்மா ஜாதரைத் திருவிழா நெருங்கினால் போதும், ஜட்கா கன்னையா இந்த வருஷம் எந்தத் தெரு வழியாக வருகிறான் என்று ஆள் விட்டு விசாரிப்பார்கள். அவன் வாயால் திட்டு வாங்கினால் அந்த வருஷம் வீட்டுக்குள் அம்மை நுழையாது என்று ஒரு நம்பிக்கை. வக்கீல் வீட்டு அம்மாள் ஒருத்தி, "எங்க வீட்டுக்காரர இன்னும் ரெண்டு வார்த்த சேத்துத் திட்டுப்பா. போன வருஷம் அவசரமாப் போயிட்டே" என்று அவனிடம் கேட்டதை நானே கேட்டேன். வக்கீல் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். கோர்ட்டில் அவரை எவனாவது 'நீ' என்று சொல்லிவிட முடியுமா?

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பெண்களைக் கெடுத்துக்கொண்டிருந்த ஒரு பாளையக்காரன் பயந்து எங்கோ ஒளிந்துகொண்டான். அவனை வெளியே இழுக்க அம்மன் நாளுக்கொரு வேஷம் போட்டுக்கொண்டு வீதி வீதியாக அவனைத் திட்டிக்கொண்டே போனாள் என்பது கதை. அதனால் ஜாதரை வாரத்தில் ஆண்கள் ஒருநாள் பைராகி, ஒருநாள் தோட்டி, ஒருநாள் தொரை என்று வேஷம் போட்டு வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு போவார்கள். வீட்டுப் பெண்கள் வேஷக்காரன் காலில் தண்ணீர் ஊற்றுவார்கள். நிஜத் தோட்டி அந்த வீதியில் நடந்தால் ஒதுங்கிக்கொள்கிற அதே பெண்கள்தான், கரி பூசிய தோட்டி வேஷம் வந்தால் கால் கழுவக் குடத்தோடு ஓடி வருவார்கள். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வரும், கதை நின்றுபோகும்.

நான் சிவசங்கரன். ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே, ஜட்கா ஸ்டாண்டை ஒட்டி எனக்கு ஒரு சோடாக் கடை இருந்தது. பதின்மூன்று வண்டிகளும் என் கண்ணுக்கு முன்னால்தான் நிற்கும்.

கன்னையா ஆறடி ஆள். வாய் மட்டும் எட்டடி. ஆனால் யாத்திரை வருகிறவர்களிடம் ஒரு நாளும் வம்பு பண்ணினதில்லை. திருச்சானூருக்கென்று ஏறின கிழவியைக் கோயில் வாசல்வரை கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவான். அவன் குதிரையின் பேர் கலெக்டர். காலையில் முன்னால் போய்க் கும்பிடு போட்டால்தான் அது முதல் அடியை எடுத்து வைக்கும். கன்னையாவும் மறக்காமல் கும்பிடுவான். "கலெக்டருக்கு இன்னிக்கி மூடு சரியில்ல, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று சவாரிக்காரர்களிடம் அவன் சொல்லும்போது புதிதாக வந்தவர்கள் பயந்து சுற்றுமுற்றும் பார்ப்பார்கள்.

அவனுக்குச் சொந்த ஊர் வரதய்யபாளையத்துப் பக்கம். அப்பன் செத்து நிலம் துண்டுபட்டதும் பதினெட்டு வயதில் திருப்பதிக்கு வந்துவிட்டான். இங்கேதான் செங்கம்மாவைக் கட்டினான், இங்கேதான் வண்டி வாங்கினான். ஆனாலும் யாராவது கேட்டால், "நான் இங்க பொழைக்க வந்தவன். என் ஊரு மதராஸ் ராஜ்யத்துல கீது" என்பான். ஆந்திரம் தனியாகப் பிரிந்து திருப்பதி அந்தப் பக்கம் போன பிறகு இதை இன்னும் உரக்கச் சொன்னான். இடுப்பில் செருகிய வீட்டுச் சாவியைப் போல அந்த ஊரை அவன் வைத்திருந்தான். போகிறானோ இல்லையோ, இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்வான்.

ஸ்டாண்டில் பதினோரு பேர் தமிழ் ஆட்கள். ஒரு சாயபு. பதின்மூன்றாவது ஓபுலேசு. கடப்பைப் பக்கம் மழை பொய்த்துக் கஞ்சித்தொட்டி திறந்த வருஷம், ராயசோட்டியிலிருந்து எலும்பும் தோலுமான ஒரு பெண் குதிரையோடும் பெண்டாட்டி கிருஷ்ணம்மாவோடும் வந்து சேர்ந்தவன். ரெண்டு வயதுப் பெண் குழந்தையை வழியில் ராஜம்பேட்டையில் புதைத்துவிட்டு வந்தார்கள். இது எனக்கும் கன்னையாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

அவன் வந்த அன்று ஸ்டாண்டில் பெரிய சண்டை. மதராஸ் ரயிலில் இறங்குகிறவர்கள் தமிழ் பேசுகிறவர்கள், அந்தச் சவாரி தமிழ் வண்டிக்குத்தான் என்றார்கள். மேஸ்திரி எத்திராஜும் அதையே சொன்னார். ஸ்டாண்டில் அவர் சொன்னால் சொன்னதுதான். கன்னையா மட்டும் எழுந்து, "முறை குதிரைக்கு மேஸ்திரி, மனுஷனுக்கு இல்ல. இந்தக் குதிரை இன்னா பாஷ பேசுதுன்னு நீ கேட்டுச் சொல்லு, நான் ஒத்துக்கறேன்" என்றான். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு வந்த இடத்தில் சண்டை தங்காது. ஓபுலேசுக்கும் வண்டி வரிசையில் முறை கிடைத்தது. அன்றிலிருந்து ரெண்டு பேரும் ஒருவரையொருவர் 'பாவா' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள். மச்சான் என்று அர்த்தம்.

எட்டு வருஷம் இப்படியே போயிற்று. மதராஸ்-ஆந்திரா எல்லைத் தகராறில் ஊரெல்லாம் பெயர்ப்பலகைக்குத் தார் பூசிக்கொண்டிருந்தபோதும் ஸ்டாண்டில் முறை மாறவில்லை.

அறுபதாம் வருஷம் ஏப்ரல் மாசம் அந்தத் தகராறு முடிந்தது. திருத்தணி மதராஸுக்குப் போயிற்று. சத்தியவேட்டுப் பக்கம் ஆந்திராவுக்கு வந்தது. என் கடையில் பத்திரிகையை ஒருத்தர் உரக்கப் படிக்க, கன்னையா கலெக்டரின் லாடத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டான். ஆந்திராவுக்கு வந்த ஊர்களில் வரதய்யபாளையத்தின் பேரும் வந்ததும் குதிரைக் காலை மெதுவாகக் கீழே விட்டான்.

"நான் ஒரு அடி நவுரல. என் ஊரு நவுந்து போயிட்ச்சே, சிவசங்கரா" என்றான்.

நான் ஒரு சோடாவை உடைத்துக் கொடுத்தேன்.

ஊரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிப் போனான். ரெண்டு நாளில் திரும்பி வந்தான், போனதைவிட அதிகக் கோபத்தோடு. அங்கே ஒருத்தருக்கும் கவலையே இல்லையாம். அவன் தங்கச்சி வேர்க்கடலை உடைத்துக்கொண்டே, "இன்னாண்ணா ஆச்சு? கெணறு அங்கயேதான கீது?" என்று கேட்டாளாம். ஊரே அழும், தானும் சேர்ந்து அழலாம் என்று போனவனுக்கு அழக்கூடத் துணை கிடைக்கவில்லை. கோபம் இருக்கிறது, கோபித்துக்கொள்ள ஆள் இல்லை. அது மனுஷனைத் தின்கிற சமாச்சாரம்.

அந்தச் சமயம் பார்த்து ஓபுலேசு அவன் தோளில் கை போட்டு, "இங்கேமி பாவா, இப்புடு மன இத்தரிதீ ஒகே ராஷ்ட்ரம்!" என்றான். இனி என்ன, நம் ரெண்டு பேருக்கும் ஒரே ராஜ்யம் என்று. அவன் சந்தோஷமாகத்தான் சொன்னான், நான் பக்கத்தில் இருந்தேன். கிருஷ்ணம்மா அப்போது ஆறு மாசம். எட்டு வருஷம் கழித்து வயிற்றில் தங்கியிருக்கிறது. அந்த மாசத்தில் அவன் எதைப் பார்த்தாலும் சந்தோஷப்பட்டான். கன்னையா தோளிலிருந்த கையை எடுத்துவிட்டு வண்டிக்குப் போய்விட்டான். 'ஜெயித்தவன் குத்திக்காட்டுகிறான்' என்று அவனுக்குப் பட்டது. அதைச் சொல்லியாவது சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. உள்ளேயே வைத்துக்கொண்டான்.

அடுத்த மாசம் ஜாதரை.

ஜாதரைக்குச் சில சட்டங்கள் உண்டு. எங்கும் எழுதி வைக்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். தப்படித்து ஜாதரையை அறிவிக்கிற சாட்டிம்பு போட்ட பிறகு ஊர்க்காரன் எவனும் ஊர் எல்லையைத் தாண்டி வெளியே தங்கக்கூடாது. ஜாதரை முடிகிறவரை அம்மன் எல்லைக்குள் இருக்கிறவர்கள் எல்லோரும் அவள் பிள்ளைகள். ரெண்டாவது, எதைச் சொல்லி வேண்டுமானாலும் திட்டலாம். பாட்டன் முப்பாட்டன்வரை இழுக்கலாம், சொல்லக் கூசுகிற உறுப்பையெல்லாம் சொல்லலாம். ஆனால் ஒருத்தன் பட்ட பசியைச் சொல்லக்கூடாது, செத்த பிள்ளையைச் சொல்லக்கூடாது, ஊரை விட்டுப் போ என்று சொல்லக்கூடாது. மூன்றாவது, வேஷத்துக்குப் பேர் கிடையாது. கரிக்குள் இருப்பவன் யாரென்று தெரிந்தாலும் சொல்லக்கூடாது. திட்டுவது அவன் அல்ல, அம்மன்.

தோட்டி வேஷத்து நாள் நாங்கள் நாற்பது பேர் கிளம்பினோம். ஜட்கா ஆட்கள், மூட்டை தூக்குகிறவர்கள், நான். அடுப்புக்கரியை அரைத்து உடம்பெல்லாம் பூசி, வேப்பிலை கட்டிக்கொண்டால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. முந்தின ரெண்டு நாள் கத்தினதில் எல்லாருக்கும் தொண்டை கட்டி, நாற்பது பேருக்கும் ஒரே குரல். ஓபுலேசு மட்டும் அந்த வருஷம் வேஷம் போடவில்லை. பெண்டாட்டி பிள்ளைத்தாய்ச்சி.

ரயில் பாதைக்கு அப்பால் இருந்த கூரை வீடுகளுக்கு மத்தியானத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தோம். கிருஷ்ணம்மா செம்பும் கையுமாக வாசலில் சிரித்துக்கொண்டு நின்றாள். கன்னையா முன்னால் போனான். வழக்கம்போலத் தெலுங்கில்தான் ஆரம்பித்தான். எங்கள் ஊரில் தமிழ்க்காரனும் அம்மனுக்குத் தெலுங்கில்தான் திட்டுவான். ஓபுலேசின் மீசையில் ஆரம்பித்து அவன் பாட்டன் கோவணம்வரை வந்தான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அப்புறம் அவனுக்கு என்ன ஆயிற்றோ, திடீரென்று தமிழுக்கு மாறினான்.

"கஞ்சித்தொட்டிக்கு வந்த நாயி, இது உன் ஊராடா? ராஜ்யம் வந்துட்ச்சுன்னு ஆடறியா? போடா உன் ஊருக்கு! வண்டியக் கட்டு, போ!"

அந்த இடத்தில் தப்பு மேளம் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. அடிக்கிறவனுக்கு அது தாளத்துக்குச் சரியாக இருந்தது. "போ, போ, ஊருக்குப் போ" என்று பின்னால் நாலு பேர் எடுத்துக் கொடுத்தார்கள். நாற்பது பேரும் கை தட்டினோம். நானும் தட்டினேன், சிரித்தேன். குரல் எத்தனை கட்டியிருந்தாலும் பேசுவது கன்னையா என்று எனக்குத் தெரியும். ராஜம்பேட்டையில் என்ன நடந்தது என்பதும் தெரியும். தெரிந்தும் தட்டினேன். அந்தக் கையை இன்றைக்கும் சில நேரம் பார்த்துக்கொள்கிறேன்.

கிருஷ்ணம்மாவின் சிரிப்பு போய்விட்டது. செம்புத் தண்ணீரை அவள் ஊற்றவே இல்லை. சத்தம் கேட்டு ஓபுலேசு உள்ளிருந்து வந்தான். ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். நாற்பதும் கரி. பெண்டாட்டியை உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினான்.

மறுநாள் காலை மதராஸ் ரயில் வந்தது. வரிசையில் மூன்றாவது முறை ஓபுலேசுடையது. அவன் வரவில்லை. நாலாவது வண்டிக்காரன் முன்னால் வரலாமா என்று தயங்கி அங்கேயே நின்றான். ஒருவரும் ஒருவர் முகத்தைப் பார்க்கவில்லை.

எத்திராஜ் மேஸ்திரிதான் தொண்டையைக் கனைத்தார். "இன்னாத்துக்கு எல்லாரும் எழவு ஊட்ல உக்காந்த மாரி கீறீங்க? வேஷத்துக்குப் பேர் கெடையாது. அம்மா வாயில வந்த வார்த்த. மனுஷன் அதுக்குப் பொறுப்பு இல்ல."

கன்னையா வேகமாகத் தலையாட்டினான். நானும் ஆட்டினேன். என்ன நிம்மதி! பழியைத் தூக்கி அம்மன் தலையில் வைத்துவிட்டால் மனுஷனுக்குத் தோள் லேசாகிவிடுகிறது. அந்த நிம்மதி பத்து மணிவரை இருந்தது.

பத்து மணிக்குச் செங்கம்மா தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்தாள். என் கடைப் பலகை மேல் ணங்கென்று வைத்தாள். அதிகம் பேசுகிறவள் இல்லை. வீட்டுப் பேச்சு முழுவதையும் கன்னையாவே பேசிவிடுவான்.

"துன்னு. துன்னுட்டுப் போய்ப் பாரு. ஏழு மாச வயித்த வெச்சிக்கினு அந்தப் பொண்ணு பானைய வண்டில ஏத்திக்கினு கீது. ராயசோட்டிக்குப் போறாங்களாம். சாயங்காலத்துக்குள்ள எல்ல தாண்டிடுவாங்களாம்."

"ஜாதர நடுவுலயா?" என்று நான் கேட்டேன். வைகாசி வெயிலில் அந்த ரோட்டில் மூன்று நாள் குலுங்கிக்கொண்டு போனால் அந்தப் பிள்ளை தங்குமா? அதுவும் ராஜம்பேட்டை வழியாக.

"நான் சொல்லிப் பாத்துட்டேன். 'ஊரே போன்னு சொல்லிட்ச்சி, இன்னும் இங்க இன்னா கீது'ன்றாரு அந்த அண்ணன்."

கன்னையாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஊரு எங்கடி சொல்ச்சி? ஒருத்தன்தான சொன்னான்!"

"அந்த ஒருத்தன் யாருன்னு அவங்களுக்குத் தெரியுமா?" என்றாள் செங்கம்மா. "நாப்பது பேரும் கரி பூசிக்கினு நின்னீங்க. நாப்பது பேரும் கை தட்னீங்க. அவங்க யார்னு எடுத்துக்குவாங்க?"

அவ்வளவுதான் சொன்னாள். முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு போய்விட்டாள். முந்தின நாள் சாயங்காலம் அவன் முதுகுக் கரியைத் தேய்த்துக் கழுவினவள் அவள்தான். அப்போதே அவளுக்குத் தெரிந்திருக்கும்.

கன்னையா சோற்றைத் தொடவில்லை. எழுந்து நடந்தான். எத்திராஜ் பின்னாலிருந்து, "டேய், பேரச் சொன்னியானா வேஷத்தோட மானம் போயிடும்! அம்மா கண்ணக் குத்திடுவா!" என்று கத்தினார். அவன் திரும்பவில்லை. எனக்கென்ன என்று நான் கடையிலேயே இருந்திருக்கலாம். கடையை அப்படியே போட்டுவிட்டு அவன் பின்னால் போனேன். எங்களுக்குப் பின்னால் வேடிக்கை பார்க்க ஏழெட்டுப் பேர்.

ஓபுலேசு வண்டிச் சக்கரத்துக்கு மை போட்டுக்கொண்டிருந்தான். டிரங்குப் பெட்டி, பாய், பானைகள் எல்லாம் ஏறிவிட்டன. கிருஷ்ணம்மா நிழலில் உட்கார்ந்திருந்தாள். கன்னையாவைப் பார்த்ததும் ஓபுலேசின் முகம் மலர்ந்தது. மலர்ந்தது என்றுதான் சொல்லவேண்டும்; எனக்கு ஓடிப்போய்விடலாம் போலிருந்தது.

"வா பாவா. உன் ஒருத்தன்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போவணும்னு இருந்தேன்" என்றான். ஓரமாக இருந்த குதிரைக் கொள்ளுத் தொட்டியை எடுத்து அவன் கையில் கொடுத்தான். "இதி மீ கலெக்டர்கி. வெச்சிக்கோ."

கன்னையா தொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "நான்தான் பாவா" என்றான்.

"ஏமி?"

"நேத்து சொன்னது. நான்தான். ஊரு சொல்லல. நான் சொன்னேன்."

ஓபுலேசு அவனைப் பார்த்தான். பிறகு சிரித்தான். "நுவ்வு காது பாவா, நீ இல்ல. எத்திராஜ் மேஸ்திரி அனுப்பிச்சானா? பழிய நீ ஏத்துக்கினா நான் நின்னுடுவேன்னு சொன்னானா?"

"கங்கம்மா சத்தியமா நான்தான்."

"முறை குதிரைக்குன்னு சொன்னவன் நீ. நீ சொல்ல மாட்டே." அவன் மறுபடியும் குனிந்து மை போட ஆரம்பித்தான். "நீ நல்லவன். அதனாலதான் வந்து நிக்கிறே. சொன்னவன் எவனும் வரல பாரு."

கன்னையா கலெக்டர் மேல் சத்தியம் பண்ணினான். செத்த நைனா மேல் சத்தியம் பண்ணினான். ஓபுலேசு நம்பவில்லை. வாயால் ஊரையே கட்டி ஆண்டவன், தன் வாய் சொன்னதை இன்னொருத்தனை நம்பவைக்க முடியாமல் தவித்தான். அழுதுவிடுவான் போலிருந்தது. சட்டென்று என் பக்கம் திரும்பினான்.

"சிவசங்கரா, நீ பக்கத்துல நின்னியே. சொல்லுடா."

தெரு முனையில் எத்திராஜ் வந்து நின்றிருந்தார். அங்கே நின்றவர்களில் முக்கால்வாசிப் பேர் என் கடையில் சோடா குடிக்கிறவர்கள். நான் பிறந்ததிலிருந்து ஒருத்தன்கூட வேஷத்தின் பேரைச் சொன்னதில்லை. அப்போது கிருஷ்ணம்மா வயிற்றில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஆமா ஓபுலேசு, கன்னையாதான். குரல் எனக்குத் தெரியும்" என்றேன். "நான் அவனுக்கு ரெண்டு அடி பின்னால இருந்தேன். நானும் கரி பூசியிருந்தேன். கை தட்டினேன், சிரிச்சேன். உங்க கஷ்டம் எல்லாம் தெரிஞ்சும் சிரிச்சேன்."

பின்னாலிருந்து சாயபு, "நானும்தான்" என்றார். வேறு ஒருவரும் வாய் திறக்கவில்லை. எத்திராஜ் திரும்பிப் போய்விட்டார்.

ஓபுலேசு எழுந்தான். கையெல்லாம் வண்டி மை. கன்னையாவை அடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். கன்னையாவும் அப்படித்தான் நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். ஆனால் குரல் வந்தது நிழலிலிருந்து.

கிருஷ்ணம்மா எழுந்து வந்து வாசற்படியில் நின்று, இடுப்பில் ஒரு கையை ஊன்றி ஆரம்பித்தாள். எட்டு வருஷத்தில் அவள் உரக்கப் பேசி ஒருவரும் கேட்டதில்லை. ராயசோட்டித் தெலுங்கில் என்னென்ன இருக்கிறது என்று திருப்பதி அன்றுதான் தெரிந்துகொண்டது. கன்னையாவின் வாய், நாக்கு, பல், அவன் பிறந்த நேரம், அவன் கும்பிடுகிற குதிரை என்று ஒன்றையும் விடவில்லை. ஜாதரை ஆயிற்றே, எல்லாமே செல்லும். தெருவே கூடிவிட்டது. கன்னையா கொள்ளுத் தொட்டியைக் கட்டிக்கொண்டு தலைகுனிந்து நின்றான். கால் மணி நேரம் இருக்கும். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, முகத்தில் நிம்மதி.

ஆனால் அவள் ஒன்று செய்தாள். அவன் பட்ட கஷ்டத்தைச் சொல்லவில்லை. அவன் ஊரையும் சொல்லவில்லை. சட்டத்தை மீறாமல் திட்டினாள்.

மூச்சு வாங்கியதும் நிறுத்தினாள். உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவன் காலில் ஊற்றினாள். நேற்று ஊற்றாமல் விட்டது. பிறகு புருஷனைப் பார்த்து, பானையை இறக்கு என்றாள்.

ஓபுலேசு கன்னையாவின் கையிலிருந்து தொட்டியைப் பிடுங்கிக்கொண்டான். "ஊரோட நான் சண்ட போட முடியாது. உன்னோட போடலாம்" என்றான். "ஒருத்தன்தானே. போடறேன், இரு."

சொன்னபடி போட்டான். மறுநாள் காலை மூன்றாவது முறையில் வந்து வண்டியை நிறுத்தினான், கன்னையா நாலாவது. ரெண்டு பேரும் பேசவில்லை. வைகாசி போயிற்று, ஆனி போயிற்று, பேச்சில்லை. எத்திராஜ் என் கடையில் சோடா குடிப்பதை நிறுத்திவிட்டார். வேஷத்தின் மானத்தை வாங்கிவிட்டேனாம். போகட்டும் என்று விட்டேன். அந்த ரெண்டு மாசமும் கன்னையா ஒரு திட்டு திட்டவில்லை. கலெக்டரே அவனை விசித்திரமாகப் பார்த்தது.

ஆடி மாசம் ஒரு விடிகாலை, ஓபுலேசு ஸ்டாண்டுக்கு ஓடி வந்தான். அவன் குதிரைக்குக் கால் சுளுக்கு. வரிசையில் முதலில் நின்ற வண்டியையும் தாண்டிக் கன்னையாவிடம் வந்து நின்றான்.

"பாவா, வண்டி கட்டு" என்றான்.

கன்னையா தாவி ஏறின வேகத்தில் கலெக்டருக்குக் கும்பிடு போட மறந்துவிட்டான். கலெக்டரும் அன்று அதை எதிர்பார்க்கவில்லை. கிருஷ்ணம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்து வெயில் ஏறுவதற்குள் பெண் குழந்தை. ஸ்டாண்டுக்குத் திரும்பி வந்து கன்னையா சேதியைச் சொன்னபோது பாதி தமிழ், பாதி தெலுங்கு, நடுநடுவே எட்டு விதமான கெட்ட வார்த்தை. வாய் திரும்பி வந்துவிட்டது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டோம்.

அடுத்த ஜாதரைக்கு அவன் வேஷம் போடமாட்டான் என்றுதான் நினைத்தேன். ஆனால் கரியைத் தன் கையாலேயே அரைத்துக் கொடுத்தவள் செங்கம்மா. தோட்டி வேஷத்தில் அவன் முதலில் போன இடம் ஓபுலேசு வீடுதான். கிருஷ்ணம்மா இடுப்பில் குழந்தையும் கையில் செம்புமாக நின்றிருந்தாள். அவன் எதிரே போய் நின்று, தப்படிக்கிறவனை நிறுத்தச் சொன்னான்.

"நான் கன்னையா. ஜட்கா கன்னையா. வரதய்யபாளையம்" என்றான்.

அப்படி ஒரு வழக்கம் எந்த ஜாதரையிலும் கிடையாது. கிருஷ்ணம்மா சிரித்துவிட்டாள். "தெலுசுலே, திட்டு!" என்றாள், அதுதான் தெரியுமே என்று.

திட்டினான். ஓபுலேசின் மீசையிலிருந்து ஆரம்பித்து ஏழு தலைமுறையையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். குழந்தை கை கொட்டியது. ஓபுலேசு கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கிருஷ்ணம்மா தண்ணீர் ஊற்றினாள்.

அவனுக்கு அடுத்து நின்றது நான். கரி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சிவசங்கரன், சோடாக் கடை" என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தேன்.